குப்பை காத்த மாளிகை

கேள்வி: குரோஷியாவின் ஸ்பிளிட் நகரத்தில் ஒரு ரோமானியப் பேரரசரின் அரண்மனை இருக்கிறதாமே? நகரத்துக்குள் அரண்மனையா, அரண்மனைக்குள் நகரமா?

பதில்: அரண்மனைக்குள்தான் நகரம் பிறந்தது. மதிலைத் தாண்டி வளர்ந்ததெல்லாம் பிற்பாடு. கி.பி. 305-இல் தாமாகவே அரியணையைத் துறந்த டயோக்ளீஷியன், ஓய்வுக்காலத்துக்கென்று கடலோரத்தில் கட்டிய மாளிகை அது. எதிரே இருக்கும் பிராச் தீவின் வெண்கல்லைப் பெருமளவில் கொண்டுவந்து எழுப்பினார்கள். நான்கு வாசல்களோடு பாதி கோட்டை மாதிரியே இருக்கும்.

7-ஆம் நூற்றாண்டில் அவார்கள் என்ற நாடோடிப் போர்க்குடியினரும் ஸ்லாவியரும் தாக்கியதில் பக்கத்திலிருந்த சலோனா நகரம் அழிந்தது. உயிர் பிழைக்க ஓடிவந்தவர்கள் இந்த மதிலுக்குள் புகுந்து, தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவர் வைத்துக் குடித்தனம் நடத்தினார்கள். இன்றும் உள்ளே ஆட்கள் வசிக்கிறார்கள். நான் போனபோது, ரோமானியர் அடுக்கிய கல்லுக்கு மேலே ஒரு ஜன்னலில் குழந்தையின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அதுதான் அந்த ஊரின் முகம்.

என்னை உலுக்கியது பேரரசரின் கல்லறை மண்டபம். கிறிஸ்தவர்களைக் கடுமையாக வேட்டையாடியவர் அவர். சலோனாவின் ஆயர் டோம்னியஸ் கொல்லப்பட்டது 304-இல். இன்று அந்த எண்கோண மண்டபமே அதே டோம்னியஸின் பேராலயம்! பேரரசரின் கல்பேழை இருந்த சுவடே இல்லை. வாசலில் ஆந்திரியா புவினா 1214-இல் செதுக்கிய மரக்கதவுகளில் இயேசுவின் வாழ்க்கை 28 காட்சிகளாக விரிகிறது. அவசரப்படாமல் பாருங்கள்.

கேள்வி: இத்தனை பேர் இடித்தும் கட்டியும் குடியிருந்த இடத்தில் பழைய அமைப்பு எப்படித் தெரியவந்தது?

பதில்: குப்பையால்தான் என்றால் நம்புவீர்களா? பேரரசரின் அறைகள் இருந்த மேல்தளம் பெரும்பாலும் போய்விட்டது. அதைத் தாங்கிய நிலவறைகளுக்குள் மேலே குடியிருந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கழிவைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள். நிரம்பிப்போனதால் உள்ளே யாரும் கைவைக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதியைத் தோண்டி அள்ளியபோது, கீழ்ச்சுவர்கள் மேலே இருந்த அறைகளின் அமைப்பை அப்படியே காட்டிக்கொடுத்தன. 1979-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஸ்பிளிட் சேர்ந்தது.

போனால் முதலில் நிலவறைக்கு இறங்குங்கள். கிழக்குப் பகுதியில் ஒரு கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். சரியாக அதற்கு மேலேதான் பேரரசர் விருந்துண்ட மண்டபம் இருந்தது.