தொட்டிக் கள்ளிக்கு எவ்வளவு வெயில் வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், வீட்டு அஞ்சடியில் (கூரை போட்ட முன் தாழ்வாரத்தில்) வைத்த கள்ளியின் நுனி மெலிந்து, வெளிறி நீள்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது வளர்ச்சி இல்லை, வெளிச்சப் பசி. மெலிந்த பகுதி மறுபடி பருக்காது. இனி வரும் பகுதியைத்தான் காப்பாற்ற முடியும்.

நம் ஊரில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். ஆனால் நண்பகல் வெயில் தலைக்கு மேலே நிற்பதால் கூரைக்குள் நுழையாது. சாய்ந்து வரும் காலை வெயில்தான் உள்ளே எட்டும். அதனால் கிழக்குப் பார்த்த ஓரத்தில், தினமும் 4 முதல் 6 மணி நேர வெயில் கிடைக்கும்படி வையுங்கள்.

ஒரேயடியாக மட்டும் தூக்கி வைத்துவிடாதீர்கள். நிழலில் இருந்த தோல் வெந்துபோகும், அந்த வெள்ளைத் தழும்பு மாறவே மாறாது. முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

பிற்பகல் மழை நம் பக்கம் பெரிய தொல்லை. ஒளி ஊடுருவும் கூரைத் தகட்டுக்குக் கீழே வைத்தால் வெளிச்சமும் கிடைக்கும், வேரும் அழுகாது.

வேறொரு கள்ளியின் மேல் சிவப்பு, மஞ்சள் தலையை ஒட்டுக் கட்டிய கள்ளி என்றால் கணக்கே வேறு. அந்தத் தலையில் பச்சையம் இல்லை, கடும் வெயில் தாங்காது. வெளிச்சமான நிழலே போதும்.