முதல் கர்ப்பம், எடை 74 கிலோ: இரவு உணவை நிறுத்தலாமா?

கேள்வி: என் வயது 27, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. இது முதல் கர்ப்பம்; பத்தாவது வாரம் நடக்கிறது. மருத்துவமனையில் எடை அதிகம் என்கிறார்கள்; வீட்டிலோ இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். இரவு உணவை நிறுத்தி எடையைக் குறைக்கலாமா? என்னைச் சுமந்தபோது அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து, எட்டாம் மாதமே சிசேரியன் செய்தார்களாம்.

பதில்: இரவு உணவை நிறுத்த வேண்டாம். கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கக் கூடாது. இனி ஏறும் எடையை அளவோடு வைத்துக்கொள்வதே உங்கள் வேலை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் (BMI) உங்களுக்கு 29.6. இந்தியர்களுக்கு இது 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று கணக்கிடுகிறோம். பிரசவம் வரை மொத்தம் 7 முதல் 9 கிலோ ஏறினால் போதுமானது.

கூடுதல் எடையால் நாங்கள் முதலில் அஞ்சுவது சர்க்கரையைத்தான். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் எந்தக் கர்ப்பிணிக்கும் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கும். உடலில் கொழுப்பும் மிகுந்திருந்தால் அது இன்னும் மந்தமாகிவிடும். தாயின் ரத்தத்தில் தேங்கும் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும், ஆனால் தாயின் இன்சுலின் போகாது என்பதால், குழந்தையின் கணையமே அதிகமாக இன்சுலினைச் சுரந்து, குழந்தை கொழுத்து வளர்கிறது. பிரசவம் சிக்கலாவதற்கும் சிசேரியன் கூடுவதற்கும் இது ஒரு காரணம். தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிட, சுரந்த இன்சுலின் மட்டும் மிஞ்சுவதால், பிறந்த சில மணி நேரத்திலேயே அந்தக் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்.

ஆகவே 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். இதற்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால நீரிழிவு. இயல்பாக இருந்தாலும் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொரு நாள் செய்யலாம்.

அம்மாவைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று. பலர் இதைச் சொல்வதே இல்லை. முதல் கர்ப்பம், கூடுதல் எடை, தாய்க்கு இருந்த ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்திருப்பதால், உங்களுக்கும் அப்படி ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பைக் குறைக்க 12-ஆவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிப் போட வேண்டாம். இன்னொன்று: பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பட்டை இறுக்கிக்கொண்டு நழுவினால், பெரிய பட்டையில் பார்க்கும்படி செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சாப்பாட்டில், முதல் மூன்று மாதங்களுக்குக் கூடுதலாக ஏதும் தேவையில்லை. பிறகும் நாளொன்றுக்கு இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் சர்க்கரை போடாத பால் கூடினால் போதும். 'இரண்டு உயிர்' கணக்கு அவ்வளவுதான். தட்டில் சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுங்கள். பழச்சாறு வேண்டாம், பழமாகவே சாப்பிடுங்கள். மருத்துவர் தடுக்காதவரை தினமும் அரை மணி நேரம் நடக்கலாம். ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இருபதாவது வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகத்தில் திடீர் வீக்கம் இவற்றில் எது வந்தாலும், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.