திருடியைப் பிடித்தவனுக்கு ஏன் ஒன்பது புள்ளி?

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். ஆங்கிலப் பாடத்தில் நகைத் திருட்டைப் பற்றிய துப்பறியும் நாடகம் ஒன்றைக் கொடுத்துக் கருத்துணர் கேள்விகள் கேட்டிருந்தார்கள். திருடியது யார் என்று சரியாகவே எழுதியிருக்கிறான். ஆனாலும் இருபதுக்கு ஒன்பது புள்ளிதான். தாளை இணைத்திருக்கிறேன். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. இன்னொரு டியூஷனில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: சகோதரி, டியூஷனை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தாளை நிதானமாகப் படித்தேன். உங்கள் மகனின் ஆங்கிலம் ஒன்றும் மோசமில்லை. அவன் நாடகத்தைப் படம் பார்க்கிற மாதிரி படித்திருக்கிறான், கோளாறு அங்கேதான். வீட்டுக்காரச் சீமாட்டியே காப்புறுதிப் பணத்துக்காகத் தன் வைர அட்டிகையை ஒளித்து வைத்தாள் என்பது கதை. 'அவள்மேல்தான் யாருக்கும் சந்தேகம் வராது, அதனால் அவள்தான்' என்று எழுதியிருக்கிறான். விடை சரி, காரணம் சரியில்லை. நூறு படம் பார்த்த யாரும் நாடகத்தைத் திறக்காமலேயே இதைச் சொல்லிவிடலாம். ஆசிரியர் புள்ளி கொடுப்பது நாடகத்துக்குள் இருக்கும் ஆதாரத்துக்கு.

அந்த ஆதாரம் எங்கே இருந்தது தெரியுமா? அடைப்புக்குறிக்குள். இரண்டாம் காட்சியின் தொடக்கத்தில், 'மேசைமேல் நகைப்பெட்டி, பூட்டியபடி' என்று ஒரு மேடைக் குறிப்பு வருகிறது. அப்புறம் சீமாட்டி படியிறங்கி வருகிறாள், பெட்டியின் பக்கமே போகாமல் 'அட்டிகையைக் காணோம்!' என்று அலறுகிறாள். திறந்து பார்க்காத பெட்டி காலியென்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஐந்தாம் கேள்வி இதைத்தான் கேட்கிறது. உங்கள் மகன் வசனங்களை மட்டும் படித்துவிட்டு அடைப்புக்குறிகளைத் தாண்டிப் போயிருக்கிறான். பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான் செய்கிறார்கள்.

சிறுகதையில் நடந்ததை நமக்குச் சொல்ல ஆசிரியர் கூடவே வருவார். நாடகத்தில் அந்த ஆள் கிடையாது. எல்லாமே யாரோ ஒருவர் சொல்வது, அதுவும் திருட்டு நடந்த வீட்டில் சொல்வது. ஆகவே வசனம் எதையும் வாக்குமூலமாக மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொய் சொல்லாத ஒரே இடம் மேடைக் குறிப்பு. முதல் தடவை படிக்கும்போது அடைப்புக்குறிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டுப் படிக்கட்டும். யார் எந்தக் கதவு வழியாக வந்தார், விளக்கு எரிந்ததா என்பதெல்லாம் அதிலேயே கிடைத்துவிடும்.

எட்டாம் கேள்வியில் போன புள்ளிக்கு அவனை நான் குறை சொல்லமாட்டேன். சீமாட்டியின் அண்ணன் மகன் பத்து மணி வரை நூலக அறையில் படித்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறான். அந்த அறையில் சாயங்காலத்திலிருந்து குளிர்காயும் கணப்பு அடுப்பை மூட்டவில்லை என்று வேலைக்காரப் பெண் சொல்கிறாள். வெளியே பனி கொட்டுகிறது. அந்தக் குளிரில் இரண்டு மணி நேரம் அங்கே யாரும் உட்கார முடியாது, அதனால் அவன் சொல்வது பொய். ஆங்கிலேயப் பிள்ளைக்கு இது சட்டென்று உறைக்கும். நம் ஊரில் மின்விசிறி நின்றால்தான் நமக்கு உறைக்கும்! இந்த மாதிரி இடங்களில், 'அந்த ஊர், அந்த மாதம், அந்த வீடு எப்படி இருக்கும்?' என்று முதலில் பேசிவிட்டுத் தொடங்குங்கள். பெரிய மாளிகை எப்படியிருக்கும் என்று அவன் பார்த்ததில்லை என்றால், ஜார்ஜ்டவுனில் கெரேஜா தெருவில் இருக்கும் பெரானாக்கான் (மலாய் வழக்கங்களோடு கலந்த சீன வம்சாவளியினர்) மாளிகைக்கு ஒரு விடுமுறையில் கூட்டிப்போங்கள். அது ஆங்கிலேய வீடு அல்ல, ஆனால் முற்றமும் மாடியும் அறைக்குள் அறையுமாக இருக்கும். எங்கே நின்றால் எது கேட்கும், எது கேட்காது என்று அவனே நடந்து பார்க்கலாம். கெபாயா என்ற மேற்சட்டையில் குத்தும் கெரோங்சாங் ஊசி போன்ற பழைய நகைகளையும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

அதே எட்டாம் கேள்வியின் இரண்டாம் பகுதி, 'அவன் ஏன் பொய் சொன்னான்?' என்பது. 'அவன் கெட்டவன்' என்று எழுதியிருக்கிறான் உங்கள் பிள்ளை. சிரித்துவிட்டேன். சூதாட்டக் கடனைப் பற்றித் தொலைபேசியில் பேசியதை மறைக்கத்தான் பொய். துப்பறியும் நாடகத்தில் திருடாதவர்களும் பொய் சொல்வார்கள், வாசகரைத் திசைதிருப்புவதே அவர்களுக்கு வேலை.

ஆங்கிலம் வராது என்கிறீர்களே, உங்களிடம் இதைவிடப் பெரிய நகைத் திருட்டு வழக்கு ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரம். கோவலனைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்று காவலர் தயங்குகிறார்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனோ மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வரின் எட்டு உத்திகளைப் பற்றி நீளமாகப் பேசி அவர்களை மயக்கிவிடுகிறான். பேச்சு அபாரம், ஆதாரம் ஒன்றுமில்லை. ஊடலில் இருந்த அரசியைச் சமாதானப்படுத்தப் போகும் அவசரத்தில் மன்னனும் விசாரிக்கவில்லை. சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்க வைத்தவள் கண்ணகிதான். அங்கே திருடன் யாரென்று நமக்கு முன்பே தெரியும். துப்பறியும் நாடகம் நம்மை அந்த மன்னனின் இடத்தில் உட்கார வைக்கிறது. 'நீ பாண்டியனாக இருந்தால் யாரிடம் என்ன கேட்டிருப்பாய்?' என்று இரவுச் சாப்பாட்டின்போது தமிழிலேயே கேளுங்கள். அவன் பதில் சொன்னதும், 'எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?' என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆங்கிலம் தேவையில்லை.

எழுதும்போதும் அதே வழக்கம்தான்: ஒரு வாக்கியத்தில் விடை, அடுத்ததில் அதற்கான வரி. இரண்டு புள்ளிக் கேள்விக்கு ஒரு வாக்கியத்தோடு நிறுத்தினால் ஒரு புள்ளிதான் வரும்.

வீட்டில் ஆளுக்கொரு பாத்திரமாக வாசிப்பதும் நல்லது. உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் வேலைக்காரப் பெண்ணின் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு மொத்தமே ஆறு வரிதான், ஆனால் வழக்கைத் திருப்பும் வரி அவளுடையது. இரண்டு மூன்று நாடகங்களை இப்படிப் படித்த பிறகும் புள்ளி ஏறவில்லை என்றால் டியூஷனைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் இந்தத் தாளோடு அவனுடைய ஆங்கில ஆசிரியரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பதினோராம் கேள்விக்கு அவன் எழுதிய விடை எனக்குச் சரியாகவே படுகிறது.