சிரட்டையில் கொன்றை நிற்குமா?

பங்குனி, சித்திரையில் பிள்ளைகளோடு பூக்குவளை செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: விஷுக் கணியில் கொன்றைப்பூ வைப்பதற்காக ஆறு வயது மகளோடு சிரட்டையில் குவளை செய்தோம். ஒன்றில் தண்ணீர் கசிந்தது. இன்னொன்று, கயிறு கோக்கத் துளை போட்டதும் பிளந்துவிட்டது. எங்கே தவறு?
– வாசகி, தக்கலை

பதில்: கசிந்தது கண்ணுள்ள பாதியாகத்தான் இருக்கும். தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மென்மையானது. முளை வெளியே வருவதே அதன் வழியாகத்தான். கண்ணில்லாத பாதியை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சமையலுக்கு உடைப்பதுபோல நடுவில் உடைத்தால் குவளை ஆழமில்லாமல் போய், கொன்றைக் கொத்தின் பாரத்தில் கவிழ்ந்துவிடும். முற்றிய தேங்காயின் கண்ணைக் குத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, கண் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு விட்டுச் சுற்றிலும் ஹேக்ஸா பிளேடால் அறுங்கள். சுமார் 8 செ.மீ. ஆழம் கிடைக்கும். இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை.

வெயிலில் முறுகக் காய்ந்த சிரட்டையில் பெரிய டிரில் பிட்டை நேரடியாக இறக்கினால் பிளக்கும். விளிம்பை ஒட்டித் துளைத்தாலும் பிளக்கும். ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. கீழே, உள்பக்கம் மரத்துண்டை அண்டை கொடுத்து, முதலில் 2 மி.மீ. பிட்டாலும் பிறகு 4 மி.மீ. பிட்டாலும் துளையிடுங்கள்.

மகளுக்கான வேலை தேய்ப்பது. உப்புத்தாளில் முதலில் 80-ஆம் எண், அடுத்து 120, கடைசியில் 220. தும்பெல்லாம் போய்ச் சிரட்டையின் கறுப்பு மினுங்கத் தொடங்கும்போது பிள்ளைகள் தாளைக் கீழே வைக்கமாட்டார்கள், அவசரப்படுத்தாதீர்கள். பெயின்ட் அடிப்பதானால் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் உரிந்து வரும். பெயின்ட் வேண்டாமென்றால் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்தாலே போதும். எங்களுக்குப் பிடித்தது இதுதான்.

அறுத்தெடுத்த கண் பகுதியைக் கவிழ்த்து வைத்தால் அதுவே குவளைக்குக் கால். இரண்டையும் எம்-சீலால் ஒட்டி ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் வெள்ளைப் பசை ஈரம் பட்டால் இளகிவிடும்.

கொன்றை இதழ்கள் சீக்கிரம் உதிரும். கணி வைக்கும் முந்தின இரவு பறித்து வைத்தால் போதும்.

கேள்வி: பனையோலையில் பாட்டிலைச் சுற்றிப் பின்னினால், இரண்டாவது சுற்று முதல் சுற்றின்மேல் அப்படியே ஏறி நிற்கிறது. பின்னல் விழவே இல்லை.
– ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: நிற்கும் ஓலைகள் இரட்டைப்படையில் இருக்கின்றன. ஒரே ஓலையை மேல்-கீழ், மேல்-கீழ் என்று தொடர்ந்து சுற்றும்போது நிற்பவை ஒற்றைப்படையாக இருந்தால்தான், முதல் சுற்றில் மேலே போன இடத்தில் அடுத்த சுற்று கீழே போகும். பிள்ளைகளிடம் விரல்களையே நிற்கும் ஓலையாக வைத்துக் காட்டுங்கள். ஒரு கையின் ஐந்து விரலில் நூலைச் சுற்றி வந்தால் பின்னல் விழும். நான்கு விரலில் விழாது.

6 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடிப் பாட்டிலுக்கு, ஈர்க்கு நீக்கிய ஓலையை 1 செ.மீ. அகலத்திலும் 40 செ.மீ. நீளத்திலும் நான்கு வாருங்கள். அவற்றை நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக நட்சத்திரம்போல் அடுக்கி நூலால் கட்டினால் எட்டு முனை வரும். அதில் ஒரு முனையை மட்டும் நடுவில் கிழித்து இரண்டாக்குங்கள். ஒன்பதாகிவிடும். பின்னும் ஓலை அரை செ.மீ. அகலம் இருந்தால் போதும்.

காய்ந்த ஓலை மடிக்கும் இடத்தில் ஒடியும் என்பதால் அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் பொதிந்து வைத்துக்கொண்டே பின்னுங்கள். ஈர ஓலை உலரும்போது சுருங்கிப் பின்னல் தளரும். அதனால் அன்றே விளிம்பை மடித்து முடிக்காதீர்கள். மறுநாள் சுற்றுகளைக் கீழே தட்டி இறுக்கினால், மேலே இரண்டு மூன்று சுற்றுக்கு இடம் கிடைக்கும். அதையும் பின்னிவிட்டு முனைகளை உள்ளே செருகுங்கள். குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தச் செருகல் சட்டென்று கைவரும்.

கேள்வி: தோவாளைச் சந்தையில் வாங்கிய பூவுக்குக் காம்பே இல்லை. குவளையில் எப்படி நிறுத்துவது?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: அங்கே வருவதில் பெரும்பகுதி கட்டுவதற்கும் கோப்பதற்குமான உதிரிப்பூ. கேந்தியை அடியிலிருந்து ஈர்க்கில் குத்தி நிறுத்துங்கள். ஈர்க்கு அரை அங்குலம் உள்ளே போனால் போதும். முனை மேலே தெரிந்தால் கண்ணில் குத்தும். பிச்சிக்கு உயரமான குவளை வேண்டாம். அகலச் சிரட்டையில் தண்ணீர் விட்டு மிதக்கவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அரளியைத் தவிர்த்துவிடுங்கள். பூ, இலை, காம்பு எல்லாமே நஞ்சு. அது கிடந்த தண்ணீரும் அப்படித்தான்.

கேள்வி: குவளை சாயாமலிருக்கக் கடற்கரை மணல் போடலாமா?
– வாசகி, குளச்சல்

பதில்: வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்து ஓலையைப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் தோரியம் கலந்த மோனசைட்டும் இருக்கிறது. பிள்ளைகள் அளைந்து விளையாட அது ஏற்றதல்ல. கழுவிய கூழாங்கல் ஒரு கைப்பிடி போதும்.

எந்தக் குவளையானாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு, தண்ணீர் விளிம்பை ஒட்டிய சுவரில் முட்டையிடும்; கொட்டினால் மட்டும் அது போகாது. மிச்சமான சிரட்டைகளை முற்றத்தில் கவிழ்த்தே போடுங்கள்.