டி-பாரில் உட்காராதீர்கள்!

ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முதல் தடவையாக ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கப் போகிறோம். டி-பார் லிஃப்டில் எல்லோரும் ஒருமுறையாவது விழுவார்களாமே? விழாமல் போக என்ன வழி?

பதில்: அதில் உட்காரப் போய்த்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள். தலைகீழ் டி வடிவில் தொங்கும் அந்தக் கட்டை நாற்காலி இல்லை. ஆளைத் தூக்காது. ஸ்கியில் (சறுக்குப் பலகையில்) நிற்கும் இருவரைப் பின்புறத்தில் முட்டுக் கொடுத்துச் சரிவில் மேலே தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். மேலே ஓடும் எஃகு வடத்தோடு அதை இணைக்கும் கயிறு, ஸ்பிரிங் வைத்த உருளையில் சுருண்டிருக்கிறது. உடம்பின் பாரத்தை இறக்கினால் கயிறு நீண்டுகொண்டே வரும். கட்டையோடு சேர்ந்து நீங்களும் பனியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

வரிசையில் நிற்கும்போதே ஸ்கி குச்சிகளின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டு குச்சிகளையும் வெளிப்பக்கக் கையில் பிடித்தால் உள்பக்கக் கை கட்டையைப் பிடிக்கக் காலியாக இருக்கும். உங்கள் முறை வந்ததும் இருவரும் சேர்ந்து கோட்டுக்கு நகர்ந்து, ஸ்கிகளைத் தடத்துக்குள் நேராக வைத்து, உள்பக்கத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பாருங்கள். கட்டை பிட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்து படிய வேண்டும். முதல் இரண்டு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு வெடுக்கென்ற இழுப்பு. அந்த நேரத்தில் முழங்கால் விறைத்திருந்தால் ஆள் முன்னால் சாய்வார், லேசாக மடங்கியிருந்தால் ஒன்றும் ஆகாது.

உயரத்தில் பெரிய வித்தியாசம் உள்ள இருவர் சேர்ந்து ஏறுவது வம்பு. ஒருவருக்குப் பிட்டத்தில் இருக்கும் கட்டை மற்றவருக்கு முதுகில் ஏறிவிடும். ஏறக்குறைய ஒரே உயரமுள்ளவர்கள் ஜோடி சேருங்கள். தனியாகப் போனால் ஒரு பாதியைப் பின்னால் வைத்து நடுக்கம்பைப் பிடித்துக்கொள்ளலாம்.

வழியில் விழுந்துவிட்டால் கட்டையை அந்தக் கணமே விட்டுவிடுங்கள். பிடித்துத் தொங்கினால் இழுத்துக்கொண்டே போகும். விட்டதும் தடத்தை விட்டு ஓரமாக உருளுங்கள், அடுத்த ஜோடி பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். உச்சியில் ஒருவர் முதலில் விலக, மற்றவர் கட்டையை நேராக முன்னால் விட வேண்டும். பக்கவாட்டில் வீசினால் அது ஊசலாடி இன்னொருவர் தலையைத் தேடும்.

சூரிச் பொறியாளர் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் 1934-ல் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் ஊரில் அமைத்த லிஃப்ட்தான் இதன் முன்னோடி. முதலில் ஒருவரை மட்டும் இழுக்கும் ஜே வடிவக் கொக்கி. இருவரை இழுக்க அது டி ஆனது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. விழுவதும்தான்.

கேள்வி: வேகமாக ஓடும் சேர் லிஃப்டில் ஏறுவதுதான் சுலபம் என்கிறார் நண்பர். அது எப்படி?

பதில்: நண்பர் சொல்வது சரி. பழைய வகையில் நாற்காலியின் பிடி வடத்தோடு நிரந்தரமாக இறுகியிருக்கும். வடம் என்ன வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில்தான் நாற்காலி உங்கள் முழங்காலுக்குப் பின்னால் வந்து இடிக்கும். அதனால்தான் வடத்தையே நொடிக்குச் சுமார் 2.5 மீட்டருக்கு மேல் ஓட்ட முடிவதில்லை. புதிய வகையில், நிலையத்துக்குள் நுழைந்ததும் நாற்காலியின் பிடி திறந்து வடத்திலிருந்து கழன்றுவிடுகிறது. வரிசையாகச் சுழலும் ரப்பர் சக்கரங்கள் அதை நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு மெதுவாக்கி உங்களிடம் கொண்டுவருகின்றன. நீங்கள் உட்கார்ந்த பின் அதேபோன்ற வேறு சக்கரங்கள் வேகத்தைக் கூட்ட, பிடி மறுபடி வடத்தைக் கவ்வுகிறது. வெளியே வேகம் நொடிக்கு 5 மீட்டர். 1,500 மீட்டர் நீளத்தைப் பழையது 10 நிமிடத்தில் கடக்கும், புதியது 5 நிமிடத்தில்.

ஆபத்து ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதிகம். முதுகுப்பையைக் கழற்றி மடியில் வையுங்கள். தொங்கும் வார் நாற்காலியில் சிக்கினால் இறங்க முடியாமல் ஆளோடு சுற்றிக்கொண்டு போகும். பாதுகாப்புக் கம்பியைத் தூக்கச் சொல்லும் பலகை வருவதற்கு முன் தூக்காதீர்கள். ஸ்கி முனைகளை மேல்நோக்கி வைத்திருங்கள், பனி தட்டியதும் எழுந்து நேராகச் சறுக்குங்கள். கையுறையைச் சரிசெய்வது, மனைவியைத் தேடுவது எல்லாம் பத்து மீட்டர் தள்ளிப் போய்!

கேள்வி: லிஃப்ட் டிக்கெட் கார்டு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் லிஃப்ட் வாசலின் தடுப்பு திறக்கவில்லை.

பதில்: கார்டை இடதுபக்கப் பையில் வையுங்கள், படிக்கும் கருவி பொதுவாக அந்தப் பக்கம்தான் இருக்கும். செல்போன், ஹோட்டல் அறைச் சாவி அட்டை, போன வருடத்துக் கார்டு எதுவும் அதோடு சேர்ந்து இருக்கக் கூடாது.

கேள்வி: வரைபடத்தில் நீலப் பாதையாகப் பார்த்துப் போனால் போதுமா?

பதில்: போதாது. ஆல்ப்ஸில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. சரிவு சுமார் 25 சதவீதம் வரை நீலம், 40 வரை சிவப்பு என்பது பொதுக்கணக்கு. ஆனால் நிறம் சரிவைச் சொல்லுமே தவிர, அன்றைய பனியைச் சொல்லாது. காலையில் உறைந்து கெட்டித்த நீலப் பாதை, மதியம் மிருதுவான சிவப்பைவிடக் கஷ்டம்.

நிறத்துக்கு முன்னால் லிஃப்டின் குறியைப் பாருங்கள் என்பதே எங்கள் யோசனை. நீலப் பாதை போய் முடிகிற இடத்தில் செங்குத்தான டி-பார் ஒன்றுதான் திரும்பும் வழியாக இருக்கலாம். முதல் நாளுக்கு கோண்டோலாவில் (வடத்தில் தொங்கும் மூடிய பெட்டியில்) ஏறி அதிலேயே இறங்கிவர முடிகிற பகுதி நல்லது. கால் களைத்துவிட்டால் ஸ்கியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்துவிடலாம். டி-பாரில் அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: வாடகைக் கடையில் எடை, உயரம், வயது எல்லாம் கேட்கிறார்கள். எடையைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன?

பதில்: பூட்ஸை ஸ்கியோடு பிடித்திருக்கும் பைண்டிங், விழும்போது கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசையில் கழலும் என்பதைத்தான் அந்த எண்களும், பூட்ஸ் அடிப்பகுதியின் நீளமும், நீங்கள் எவ்வளவு வேகமாகச் சறுக்குபவர் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எடையைக் குறைத்துச் சொன்னால் சாதாரணத் திருப்பத்திலேயே ஸ்கி கழன்று ஓடும். திறமையைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. நீண்ட ஸ்கி நெம்புகோல் போலக் காலை முறுக்கும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அளவைக் குறைத்து வைப்பதும் இதனால்தான். வெட்கம் பார்க்காதீர்கள்.

சரியாக அமைத்த பைண்டிங்கும் அடிக்கடி கழன்றால், பூட்ஸுக்கு அடியில் பார்க்க வேண்டும். அப்பிய பனி கட்டியாகி, குதிகாலைச் சரியாகப் பூட்டவிடாது. குச்சி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, முதலில் விரல் பக்கத்தை நுழைத்து, பிறகு குதிகாலை அழுத்தி மிதியுங்கள். ‘டக்’ என்று சத்தம் வரும், பின்பக்க நெம்பு மேலே எழும்பும். மத்தியானம் வேறு பூட்ஸுக்கு மாறினால் பைண்டிங்கையும் மறுபடி அமைக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எந்த பைண்டிங்காலும் முழுக்கத் தடுக்க முடியாது. பின்பக்கம் உட்கார்ந்தபடி விழும்போது முழங்கால் தசைநார் கிழிவது. விழுந்துவிட்டீர்கள் என்றால் விழுந்துவிட்டீர்கள். சறுக்கல் நிற்கும் முன் எழப் பார்க்காதீர்கள்.

கேள்வி: இத்தாலியில் காப்பீடு இல்லாமல் சறுக்கக் கூடாதாமே?

பதில்: ஆம். பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு அங்கே 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். லிஃப்ட் டிக்கெட் வாங்கும் இடத்திலேயே நாள் கணக்கில் எடுக்கலாம். 2025-26 சீசன் முதல் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட்டும் கட்டாயம்.

கேள்வி: கூட்டம் போன பிறகு, மாலையில் நிம்மதியாகச் சறுக்கலாமா?

பதில்: கூடாது. கடைசி லிஃப்ட் பொதுவாக மாலை 4 அல்லது 4.30 மணிக்கு. அதன்பின் சறுக்குப் பாதைக் காவலர்கள் பாதையைப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்து மூடிவிடுவார்கள். அடுத்து வருவது பனியைச் சமப்படுத்தும் ராட்சத வண்டி. செங்குத்தான இடங்களில் அது மேலே ஒரு தூணில் விரல் தடிமன் எஃகு வடத்தைக் கட்டி, அதில் தொங்கியபடி வேலை செய்கிறது. வடம் ஒரு கிலோமீட்டர்கூட நீளலாம். பாதி தூரம் பனிக்குள் புதைந்திருக்கும், வண்டி நகர்ந்ததும் சட்டென்று இறுகி மேலே எழும்பும், பக்கவாட்டிலும் வீசும். வண்டியின் விளக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. இருட்டில் அந்த வடத்தில் மோதிச் செத்தவர்கள் உண்டு.

நேரம் தப்பி மேலே மாட்டிக்கொண்டால் லிஃப்ட் நிலையத்திலேயே நில்லுங்கள், அல்லது அவசர எண் 112-ஐ அழையுங்கள். பிரான்சில் பாதையோரக் கம்பங்களில் பாதையின் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். கீழே போகப் போக எண் குறையும். அந்த இரண்டையும் சொன்னாலே மீட்புக் குழுவுக்கு நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.