இடுக்கியில் உங்கள் பெயர் ஏறுவதற்கு முன்

கேள்வி: மீன்பிடிச் சாமான்கள் விற்கிறேன். மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றும் இடுக்கியை என் கடைப் பெயர் பொறித்து ஒரு தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்க நினைக்கிறேன். குறைந்தது 500 எடுக்க வேண்டும், முழுப் பணத்தையும் முதலிலேயே கட்ட வேண்டும் என்கிறார். சரி என்று சொல்லலாமா?

பதில்: முழுப் பணத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள். ஆர்டரோடு 30 சதவீதம், சரக்கைச் சோதித்தபின் அனுப்புவதற்கு முன் 70 சதவீதம் என்பது பரவலான வழக்கம். 500 என்பதையும் பேசிப் பார்க்கலாம். அவரிடம் இருக்கும் மாடலிலேயே பெயர் பொறிப்பதென்றால் புது அச்சு செய்யும் செலவு அவருக்கு இல்லையே.

அதைவிட முக்கியம், இடுக்கி எந்த உலோகம் என்பது. 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்ற பதிலோடு விடாதீர்கள், எந்த ரகம் என்று கேளுங்கள். 420 ரகத்தைக் கடினமாக்க முடியும், பிடி இறுகும்; ஆனால் உப்புத்தண்ணீரில் சீக்கிரம் துரு ஏறும். 304 துருவைத் தாங்கும், கொஞ்சம் மென்மையானது. கடலுக்கு 316 இன்னும் நல்லது. உடல் அலுமினியம், திருகு எஃகு என்றால் அந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் அரிப்பு முதலில் தொடங்கும்.

சாம்பிள் வந்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து இடுக்கியை இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் எடுத்துக் கழுவாமல் காயவிடுங்கள். ஒரு வாரம் இப்படியே செய்துவிட்டு, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். கீல் இறுகியிருந்தாலோ, ஸ்பிரிங்கின் அடியில் செம்பழுப்புப் பொடி தெரிந்தாலோ அந்தச் சரக்கு வேண்டாம். வாங்கியவர் அந்தத் துருவோடு சேர்த்துப் பார்க்கப்போவது உங்கள் பெயரைத்தான்.

பெயரை மையில் அச்சடித்தால் கை பட்டுப் பட்டு அழிந்துவிடும். உடல் அலுமினியம் என்றால், அனோடைஸ் செய்து (மேலே ஆக்சைடு படலம் ஏற்றி) அதில் லேசரால் பொறிக்கச் சொல்லுங்கள். சின்ன எழுத்துகள் தெளிவாக விழ வேண்டுமென்றால் போட்டோவாக இல்லாமல் வெக்டர் கோப்பாக (எந்த அளவுக்கு மாற்றினாலும் மங்காத கோட்டு வடிவக் கோப்பாக) லோகோவைக் கொடுங்கள்.

அப்புறம், தேறிய சாம்பிள் மாதிரி இரண்டு வாங்கி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். ரகத்தின் எண்ணையும் ஆர்டர் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். வரும் சரக்கு வேறாக இருந்தால், மீதி 70 சதவீதத்தைக் கொடுக்கும் முன் கையில் காட்டிப் பேச இந்த இரண்டும் இருக்கும்.