காமாலை நாளில் வந்த 212: அம்மாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வயிற்றுவலியும் மஞ்சள் காமாலையும் வந்தன. பித்தக்கல் என்று ஈப்போவில் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் புற்றுநோய், டி2பி என்று இருக்கிறது. காமாலை இருந்தபோது எடுத்த சிஏ 19-9 இரத்தப் பரிசோதனை 212. இன்னொரு ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார் டாக்டர். "நம்பர் இவ்வளவு ஏறிப்போச்சு, இனி எதுக்கு இன்னொரு தடவை வயித்தைக் கிழிக்கணும்?" என்கிறார் மாமா. என்ன செய்வது?

பதில்: மாமா அக்காமேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் இந்த 212-ஐ நம்பி அந்த முடிவை எடுக்கக்கூடாது.

சிஏ 19-9 என்பது இரத்தத்தில் இருக்கும் ஒரு பொருள், வழக்கமாக 37-க்குள் இருக்கும். பித்தப்பைப் புற்றில் அது ஏறலாம். ஆனால் பித்தக்குழாய் அடைத்துக் காமாலை வந்தாலும், குழாயில் கிருமி தொற்றினாலும் புற்றே இல்லாதவருக்கும் ஏறும், சில சமயம் ஆயிரத்தைத் தாண்டியும் போகும். அடைப்பு நீங்கிப் பித்தம் வடிந்ததும் இறங்கிவிடும். உங்கள் அம்மாவுக்குக் காமாலை நாளிலேயே இரத்தம் எடுத்திருக்கிறார்கள். அதில் கல்லின் பங்கு எவ்வளவு, புற்றின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிலிரூபின் (காமாலையில் இரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறப் பொருள்) சரியான நிலைக்கு வந்தபின் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் உயர்ந்தே இருந்தால் நோய் வேறெங்கும் இருக்கிறதா என்று டாக்டர் இன்னும் கவனமாகத் தேடுவார்.

நம்பர் குறைவாக வந்தாலும் அதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரின் உடல் பிறவியிலேயே இந்தப் பொருளைச் செய்வதில்லை. அவர்களுக்குப் புற்று முற்றினாலும் இது ஏறாது. கூடவே எடுக்கிற சிஇஏ என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனையையும் தனியாக நம்ப முடியாது, புற்று இல்லாவிட்டாலும் புகைபிடிப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் தொடர்ந்து எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதில்தான் இந்தப் பரிசோதனைகளுக்கு உண்மையான பயன்.

நோயின் போக்கை இதைவிட நன்றாகச் சொல்வது நீங்கள் கையில் வைத்திருக்கும் திசு ரிப்போர்ட். அதில் 'டி' என்பது பித்தப்பைச் சுவரில் புற்று போயிருக்கும் ஆழம். டி1ஏ என்றால் உள்தோலோடு நின்ற புற்று. பெரும்பாலும் பித்தப்பையை எடுத்ததோடு குணமாகிவிடும். டி2 என்பது தசையைத் தாண்டி அடுத்த அடுக்குக்கு வந்தது. 'பி' என்றால் கல்லீரலை ஒட்டிய பக்கம். அந்தப் பக்கத்தில் பித்தப்பைக்கு வெளியுறை கிடையாது, நேராகக் கல்லீரலோடு ஒட்டியிருக்கும். அதனால் கல்லீரலுக்கும் பக்கத்து நெறிகளுக்கும் (நிணநீர்க் கணுக்கள்) பரவியிருக்கும் வாய்ப்பு மற்றப் பக்கத்தைவிட அதிகம். இரண்டாவது ஆபரேஷனில் ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் நெறிகளையும் எடுப்பார்கள். பித்தப்பையை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் மிச்ச நோயை உள்ளேயே விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. அங்கே நோய் மிச்சமிருந்ததா, நெறிகளில் எத்தனையில் புற்று என்பவைதான் பிழைப்பு வாய்ப்பை அதிகம் தீர்மானிக்கின்றன. குறைந்தது ஆறு நெறிகளாவது எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது இப்போதைய பரிந்துரை.

முதல் ஆபரேஷனிலிருந்து நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் இரண்டாவதைச் செய்தவர்களுக்குப் பலன் நன்றாக இருந்ததாக ஆய்வு காட்டியிருக்கிறது. உங்களுக்கு மூன்று வாரம் ரிப்போர்ட்டிலேயே போய்விட்டது. இரண்டாவது ஆபரேஷனுக்கு முன் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். தூரத்தில் பரவியிருந்தால் ஆபரேஷன் வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள், மருந்துக்குப் போவார்கள். அப்போது திசுவில் ஹெர்2 என்ற புரதம் போன்ற குறியீடுகளைப் பார்ப்பது உதவும். எல்லாருக்கும் இருக்காது, இருந்தால் அதற்கென்றே மருந்து உண்டு. முதல் ஆபரேஷனில் எடுத்த திசு, மெழுகுக் கட்டியாக ஆய்வகத்தில் இருக்கும். வேறு மருத்துவமனைக்குப் போவதானால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், டாக்டரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: பித்தப்பைக் குழாயின் வெட்டு விளிம்பில் புற்று இருந்ததா, ஆபரேஷனில் பித்தம் வயிற்றுக்குள் சிந்தியதா, நெறி ஏதும் எடுத்தார்களா, கல்லீரல் அறுவை செய்து பழகிய டாக்டர் பார்ப்பாரா. பித்தம் சிந்தியிருந்தால் நோய் திரும்பும் ஆபத்து கூடும், அதனால் இதை மறக்காமல் கேளுங்கள்.

அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். "இனி எதுக்கு?" என்று உங்களிடம் கேட்டதை அங்கேயே கேட்கட்டும். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பதிலைக் கேட்கட்டும்.